சாவியும் ஓர் அமானிதம்

அமானிதம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது நகை, பணம், பத்திரம். ஹஜ்ஜுக்குப் போன பக்கத்து வீட்டார் கொடுத்துவிட்டுப் போன பை, யதீம் பிள்ளையின் பங்கு, ஜமாஅத்தின் கணக்கு. இவற்றைப் பேணுவதில் நம் குடும்பங்கள் பொதுவாகக் கவனமாகவே இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இவையெல்லாம் எந்தப் பூட்டுக்குள் இருக்கின்றன, அந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி, அவை இப்போது யார் யார் கையில் என்று கேட்டால் உடனே பதில் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு.

இந்த மாதப் பாடத்துக்குக் காரணம், பூட்டு ரிப்பேரும் டூப்ளிகேட் சாவியும் தொழிலாகச் செய்யும் ஒரு சகோதரர். தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு வணிக வளாகத்தில் ஷட்டர் பூட்டு சிக்கிக்கொண்டது என்று அவரை அழைத்திருக்கிறார்கள். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்குள் அவர் கண்ணில் பட்டவை இவை: மின் மீட்டர் பெட்டிக்குள் ஒரு ஆணியில், கடைப் பெயர் எழுதிய அட்டையோடு எல்லாக் கடைகளின் சாவியும் தொங்குகிறது, மீட்டர் பெட்டிக்குப் பூட்டே கிடையாது. மாடியில் நான்கு அறைகளுக்கு ஒரே சாவி. பின்வாசல் நாதாங்கியின் திருகாணி கழன்று, கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. கேமரா பெட்டியின் மேல் ஒரு தாளில் அதன் பாஸ்வேர்ட் ஒட்டப்பட்டிருக்கிறது.

கூலியை வாங்கும்போது இவற்றைக் கட்டட நிர்வாகியிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு, "உன்னை ஷட்டருக்குத்தானே கூப்பிட்டேன், நீ எதுக்கு இதையெல்லாம் நோட்டம் பார்க்கிறே?" என்று கேட்டிருக்கிறார் அந்த நிர்வாகி. அதற்குப் பிறகு அந்த வளாகத்திலிருந்து இவருக்கு அழைப்பு இல்லை. "அங்கே நாளைக்கு ஏதாவது திருட்டுப் போனால் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள் பாய்" என்று நம்மிடம் வருத்தப்பட்டார். அவருடைய பயம் வீணான பயம் இல்லை. பூட்டு வேலை செய்பவர்களில் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள். குறையைக் கண்டு சொன்னவன் மேலேயே சந்தேகம் விழும் என்றால், அடுத்த முறை அவன் கண்டதைக் கண்டும் காணாமல் போய்விடுவான். இதை மார்க்கத்தின் வெளிச்சத்திலும் உலக அனுபவத்திலும் வைத்துப் பார்ப்போம்.

உலக அனுபவத்திலிருந்தே தொடங்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லாஸ் அலமோஸ் என்ற இடத்தில் அணுகுண்டு ஆய்வு நடந்தது. (அந்த வேலையின் நன்மை தீமை வேறு பேச்சு.) அந்நாட்டின் மிகப் பெரிய இரகசியங்கள் அங்கே எண் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரிகளில் இருந்தன. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஃபெய்ன்மன் என்ற இளம் விஞ்ஞானி, பின்னாளில் 1965-இல் நோபல் பரிசு பெற்றவர், பொழுதுபோக்காக அந்தப் பூட்டுகளைத் திறக்கப் பழகினார். இதைத் தம் அனுபவ நூலில் அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த இராணுவ கேப்டன் ஒருவர் தமக்கென்று தனியாக மிகப் பெரிய பெட்டகம் ஒன்றைச் சிரமப்பட்டு மாடிக்கு ஏற்றி வைத்துக்கொண்டார். போர் முடிந்து அவர் போய்விட்டார். பெட்டகத்தைத் திறக்க வேண்டி வந்தபோது, அந்த இடத்தின் சாதாரணப் பூட்டுக்காரர் வந்து கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டார்.

ஃபெய்ன்மனுக்கு ஆச்சரியம். இந்த மனிதர் பெரிய வித்தைக்காரராக இருக்க வேண்டும் என்று எண்ணி, வாரக்கணக்கில் அவரோடு பேசிப் பழகி, கடைசியில் கேட்டுவிட்டார். பூட்டுக்காரர் சொன்ன பதில் மிக எளியது. அந்த வகைப் பூட்டு தொழிற்சாலையிலிருந்து வரும்போது 25-0-25 அல்லது 50-25-50 என்ற எண்ணில் வைத்து அனுப்பப்படும். வாங்கியவர் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். 'ஒருவேளை இந்த மனிதர் மாற்றாமலே விட்டிருக்கலாம்' என்று அவர் முயன்று பார்த்தார். இரண்டாவது எண்ணிலேயே திறந்துகொண்டது. கேப்டன் பெட்டகத்துக்குப் பட்ட பாடெல்லாம் பட்டு, எண்ணை மட்டும் மாற்றவில்லை. பிறகு ஃபெய்ன்மன் அந்தக் கட்டடத்தின் மற்ற அலமாரிகளில் அதே இரண்டு எண்களையும் போட்டுப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று திறந்தது.

அதே நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நம் சகோதரரின் வருத்தத்துக்கு அது இன்னும் பொருத்தமானது. ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு கர்னலிடம், அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்வது ஆபத்து, திறந்திருக்கும்போது பூட்டின் கடைசி இரண்டு எண்களையும் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஃபெய்ன்மன் செய்தே காட்டினார். கர்னல் உடனே நடவடிக்கை எடுத்தார். அலமாரியை மூடி வையுங்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, 'இவர் உங்கள் அறைக்கு வந்தாரா' என்று எல்லாரையும் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். வந்தார் என்று சொன்னவர்கள் எண்ணை மாற்றும்படி ஆனது. அலமாரிகள் முன்போலவே திறந்து கிடந்தன. கர்னல் கண்ணுக்குப் பழுது பூட்டில் தெரியவில்லை, பழுதைக் காட்டிய ஆளிடம்தான் தெரிந்தது. நம் ஊர் வளாகத்து நிர்வாகிக்கும் அந்தக் கர்னலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எண்பது ஆண்டுகள் கழித்தும் இதே கவனக்குறைவு நம் நாட்டில் என்ன செய்தது என்று பார்ப்போம். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிகிச்சை அறைக் கேமரா காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளியாகி விற்கப்பட்டன. மருத்துவரிடம் சிகிச்சைக்காக வந்த பெண்களின் காட்சிகள். விசாரணையில் தெரிய வந்தது: கேமரா அமைப்பின் பாஸ்வேர்ட், வாங்கும்போது இருந்த 'அட்மின்123' என்பதாகவே மாற்றாமல் விடப்பட்டிருந்தது. அந்த ஒரு மருத்துவமனை மட்டுமில்லை. பல ஊர்களில் பள்ளிகள், அலுவலகங்கள், வீடுகள் வரை இதே வழியில் திருடப்பட்டிருந்தன.

இதை வாசிக்கும் தாய்மார்களும் சகோதரிகளும் இங்கே சற்று நிற்க வேண்டும். நாம் பர்தாவைப் பேணுகிறோம், அந்நியர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழையக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அனுமதி கேட்கும் சட்டமே பார்வையைக் காப்பதற்காக வந்தது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அப்படியிருக்க, கூடத்தில் ஒரு கேமராவை மாட்டிவிட்டு, மாட்ட வந்த பையன் வைத்த எண்ணையே மாற்றாமல் விட்டால், உலகத்தில் எவனும் எட்டிப் பார்க்கும் ஜன்னலை நாமே திறந்து வைத்ததாகிவிடும். கேமரா வாசலைப் பார்க்கட்டும், கல்லாவைப் பார்க்கட்டும். தையல் கடையில் அளவெடுக்கும் இடம், துணிக்கடையில் உடுத்திப் பார்க்கும் அறை, மதரஸாவில் பெண் பிள்ளைகள் அமரும் பகுதி, வீட்டின் உள்ளறை ஆகிய இடங்களில் கேமராவே கூடாது என்பது நம் கருத்து. பாதுகாப்புக்காக என்று சொல்லி அங்கே வைப்பவரிடம் அந்தப் பாதுகாப்பு யாருக்கு என்று கேட்க வேண்டும்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 2019 அக்டோபர் 2 அன்று திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையில் ஏறக்குறைய 13 கோடி ரூபாய் நகைகள் திருடப்பட்டன. முன்பக்கம் காவலாளிகள் இருந்தார்கள். திருடர்கள் முன்பக்கம் வரவேயில்லை. சுவரில் துளை போட்டு, பொம்மை முகமூடியோடு உள்ளே வந்தார்கள். காலையில் கடையைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2021 டிசம்பரில், நமக்கு அருகிலுள்ள வேலூரில் இன்னொரு நகைக்கடை. அங்கும் பின்பக்கச் சுவரில் துளை. கேமராவின் மேல் ஸ்ப்ரே அடித்து மறைத்திருக்கிறார்கள். சுமார் 15 கிலோ தங்கம் போயிற்று. காவல்துறை சில நாட்களிலேயே ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்த நகைகளை மீட்டது. திருச்சியில் நடந்தது தமிழ்நாடு முழுக்கச் செய்தியான பிறகு, அதே மாதிரி வழியில் வேலூரிலும் நடந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். முன்வாசலுக்கு எவ்வளவு செலவு செய்கிறோமோ அதில் பத்தில் ஒரு பங்கு கவனம்கூடப் பின்சுவருக்குப் போவதில்லை. நம் கடைவீதியிலும் பின்பக்கச் சந்துகளை ஒரு நாள் நடந்து பாருங்கள். எத்தனை கடைகளுக்குப் பின்னால் ஏணி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வரலாம்.

மூன்றாவது நிகழ்ச்சி சென்னை அரும்பாக்கத்தில் 2022 ஆகஸ்ட் 13 அன்று நடந்தது. நகைக்கடன் நிறுவனம் ஒன்றின் கிளையில் காவலாளிக்கு மயக்கமருந்து கலந்த குளிர்பானம் கொடுத்து, ஊழியர்களைக் கட்டிப்போட்டு, 30 கிலோவுக்கு மேற்பட்ட அடகு நகைகளைக் கொண்டு போனார்கள். முன்னின்று நடத்தியவர் அதே நிறுவனத்தின் ஊழியர். நகைகள் மீட்கப்பட்டுவிட்டன. ஆனால் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒற்றைச் சங்கிலியை அங்கே வைத்திருந்த எத்தனை ஏழைக் குடும்பங்கள் அந்த நாட்களில் தூங்கியிருக்கும்? பூட்டு உடைபடவில்லை. எந்த நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், சாவி யாரிடம் இருக்கும் என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒரே ஆளின் கையில் முழுச் சாவியும் முழு விவரமும் இருக்கக்கூடாது என்கிறார்கள். பள்ளிவாசல் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவி முத்தவல்லியிடமும் ஒரு சாவி வேறொரு நிர்வாகியிடமும் இருக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. யார் மீதும் சந்தேகப்பட்டு வைத்த ஏற்பாடு இல்லை அது. இரண்டு பேரையும் வீண்பழியிலிருந்து காப்பாற்றுவதற்காக முன்னோர் கண்ட வழி.

மார்க்கத்தில் சாவிக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு கஅபாவின் சாவியை விடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்ட நாளில், சாவியைப் பரம்பரையாக வைத்திருந்த உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து நபி (ஸல்) அவர்கள் அதைப் பெற்று உள்ளே சென்றார்கள். வெளியே வந்ததும் அந்தப் பொறுப்பைத் தங்கள் குடும்பத்துக்குத் தரும்படி வேண்டியவர்கள் உண்டு. வெற்றி பெற்ற தலைவர் நினைத்தால் யாருக்கும் கொடுத்திருக்கலாம். ஆனால் சாவி உஸ்மானின் கைக்கே திரும்பிச் சென்றது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளையிடும் சூரா நிஸாவின் 58-ஆம் வசனத்துக்கு விளக்கம் எழுதிய முஃபஸ்ஸிர்கள் பலரும் இந்த நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். இன்றும் பனூ ஷைபா குடும்பத்திடமே சாவி இருக்கிறது. 2024 ஜூனில் அக்குடும்பத்தின் மூத்த காவலர் வஃபாத்தானபோது அதே குடும்பத்தின் அடுத்தவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதில் பதினான்கு நூற்றாண்டுகளாக யாருக்கும் ஐயம் இல்லை.

அமானிதப் பொருள் திருட்டுப் போனால் வைத்திருந்தவர் ஈடு கொடுக்க வேண்டுமா? இதில் ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு தெளிவானது. பாதுகாக்கக் கொடுத்த பொருளுக்கு, அதாவது வதீஆவுக்கு, வைத்திருப்பவர் பொறுப்பாளி ஆகமாட்டார். அவருடைய கவனக்குறைவோ வரம்புமீறலோ இருந்தால் மட்டும் பொறுப்பாளி ஆவார். நான்கு மத்ஹபுகளின் அடிப்படையும் இதுதான். எது கவனக்குறைவு என்ற கேள்விக்கு அவர்கள் வைத்த அளவுகோல் 'ஹிர்ஸ்': அந்தப் பொருளை அந்த ஊரில் வழக்கமாக எங்கே, எப்படிப் பாதுகாப்பார்களோ அந்த இடம். ஆட்டுக்கு ஹிர்ஸ் பட்டி. தங்கத்துக்குப் பட்டி ஹிர்ஸ் ஆகாது. தங்கத்தை ஆட்டுப் பட்டியில் வைத்துவிட்டு 'கத்ர்படி போய்விட்டது' என்று சொன்னால் அந்தப் பேச்சு எடுபடாது.

ஹிர்ஸுக்குச் சுவரும் பூட்டும்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஸஃப்வான் பின் உமைய்யா (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் தம் மேலாடையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கியபோது ஒருவன் அதை உருவினான். அவன் பிடிபட்டு நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டான். கதவில்லாத பொது இடமாக இருந்தும், தலைக்கு அடியில் வைத்தது பாதுகாப்பாகவே கருதப்பட்டது. அபூதாவூத், நஸாயீ நூல்களில் இந்த ஹதீஸ் இருக்கிறது. தண்டனை பற்றிப் பேச நாம் இதை எடுக்கவில்லை. அது அரசின் விஷயம். வசதியில்லாதவர் தம் சக்திக்கு உட்பட்ட கவனத்தைச் செலுத்தினாலே கடமை நிறைவேறும் என்பதற்காகச் சொல்கிறோம். விலை உயர்ந்த பூட்டு வாங்க முடியாத பெட்டிக்கடைக்காரர் இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம்.

ஹனஃபி நூல்களில் இன்னொரு நுட்பம் உண்டு. வதீஆ பொருளை வைத்திருப்பவர் தாமே பாதுகாக்கலாம், தம் வீட்டாரைக் கொண்டும் பாதுகாக்கலாம். வெளியாளிடம் கொடுத்துவைத்து அது தொலைந்தால் அவர் பொறுப்பாளி ஆவார். இதைச் சாவியோடு பொருத்திப் பாருங்கள். கடைக்குள் இருப்பது வாடிக்கையாளர் கொடுத்த தைக்க வேண்டிய துணி, பழுது பார்க்கக் கொடுத்த செல்போன், அழிக்கக் கொடுத்த பழைய நகை. கடைச் சாவியை எதிர்த்த டீக்கடையில் கொடுத்துவிட்டு, 'பையன் வந்தா குடுங்க' என்று சொல்லிப் போகிறோம். சாவி போன இடத்துக்கு அமானிதமும் போய்விட்டது. தையல்காரர், சாயம் போடுபவர் போன்ற தொழிலாளிகளிடம் ஒப்படைத்த பொருள் தொலைந்தால் அவர்களே ஈடு தர வேண்டும் என்று இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் இருவரும் தீர்ப்பளித்தார்கள். தவிர்க்கவே முடியாத விபத்துக்கு மட்டும் விலக்கு. மக்களின் பொருட்கள் கவனமில்லாமல் கையாளப்படக்கூடாது என்ற நோக்கம் அதில் இருக்கிறது. இது பற்றிக் கருத்து வேறுபாடும் உண்டு. சொந்த விவகாரத்துக்கு ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

'அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று சொல்லிக் கதவைத் திறந்து போடுபவர்களும் நம்மில் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸைத் திர்மிதியில் காண்கிறோம். இரவில் அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவை அடைக்கச் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பிஸ்மில்லாஹ்வும் தாழ்ப்பாளும் சேர்ந்தே சொல்லப்பட்டிருக்கின்றன.

நாட்டின் சட்டமும் இப்போது இதே பாதைக்கு வந்திருக்கிறது. கொல்கத்தாவில் ஒரு வங்கி, வாடகை பாக்கி என்று சொல்லி, முறையாக அறிவிக்காமல் ஒரு வாடிக்கையாளரின் லாக்கரை உடைத்தது. நகைகளில் பாதிக்கு மேல் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் நடந்த அந்த வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாக்கருக்குள் இருப்பது எங்களுக்குத் தெரியாது என்று சொல்லி வங்கி கையைக் கழுவிக்கொள்ள முடியாது என்றது. இழப்பீடாக 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. ஆறு மாதத்துக்குள் விதிமுறை வகுக்கும்படி ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டது. அதன்படி வந்த விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கியின் பொறுப்பு. ஒவ்வொரு முறை லாக்கர் திறக்கப்படும்போதும் அன்றைக்குள் வாடிக்கையாளரின் செல்போனுக்குத் தகவல் வர வேண்டும். ஆகவே வங்கியில் கொடுத்த பழைய செல்போன் எண் மாறியிருந்தால் உடனே போய் மாற்றுங்கள். நம் வீடுகளில் லாக்கர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் மகனின் பழைய எண்ணில் இருக்கிறது.

இப்போது அந்தப் பூட்டு வேலைச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். வேலைக்குப் போன இடத்தில் குறையைக் கண்டால் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். தீன் என்பதே நலம் நாடுவது என்ற ஹதீஸ் நாம் அனைவரும் அறிந்தது. ஆனால் யாரிடம் சொல்வது என்பதில் கட்டுப்பாடு இருக்கிறது. ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்துக்கு உரியவர் என்ற ஹதீஸ்படி, கண்டது கட்டடத்துக்காரருக்கும் இவருக்கும் இடையில் இருக்க வேண்டும். டீக்கடையில் கதையாகச் சொன்னால் அதைக் கேட்கும் நான்கு பேரில் ஒருவன் யாரென்று தெரியாது. முடிந்தால் கூலி ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்வது இவருக்கே பாதுகாப்பு. டூப்ளிகேட் சாவி கேட்டு வருபவரின் பெயர், முகவரி, எந்தப் பூட்டு என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளவும். அறியாத சிறுவன் கொண்டுவரும் சாவிக்கும், சோப்பில் பதித்த அச்சுக்கும் சாவி போடக்கூடாது. பத்து ரூபாய் வருமானம் போனாலும் போகட்டும்.

கட்டடக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 1851-இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், திறக்கவே முடியாது என்று பெயர் பெற்ற இரண்டு பிரிட்டிஷ் பூட்டுகளைப் பலர் அறியத் திறந்து காட்டினார். ஒன்றுக்கு அரை மணிக்கும் குறைவு. இன்னொன்றுக்குப் பதினாறு நாட்களில் 51 மணி நேரம். இப்படி வெளிப்படையாகக் காட்டுவது திருடர்களுக்குப் பாடம் சொல்வதாகாதா என்று அப்போதே விவாதம் எழுந்தது. தொழில் தெரிந்த திருடனுக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பவர் பூட்டுக்குச் சொந்தக்காரர் மட்டுமே என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம். அதன் பிறகுதான் அங்கே பூட்டுகள் மேம்பட்டன. மீட்டர் பெட்டியில் சாவி தொங்குவது பூட்டுக்காரருக்கு அரை மணியில் தெரிந்தது என்றால், தினமும் வரும் தண்ணீர் கேன் பையனுக்கும் கூரியர்காரருக்கும் எப்போதோ தெரிந்திருக்கும். சொன்னவரிடம் நன்றி சொல்லுங்கள். அவரையே அழைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பூட்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைந்த பூட்டுகளில் சாவி வகைகள் சிலவே இருக்கும். ஒரு சாவி வேறொரு பூட்டையும் திறந்துவிடும். கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு மதிப்பு வந்ததே ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி என்பதால்தான். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைச் செய்யும் கைகள் குறைந்துவருகின்றன. கிடைத்தால் வாங்குங்கள்.

பூட்டக்கூடாத கதவைப் பூட்டுவதும் இதே கவனக்குறைவின் மறுபக்கம்தான். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் பல்தியா பகுதியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மவுத்தானார்கள். தீ வைத்தது யார் என்பது தனி வழக்கு. தப்பிக்கும் வழிகள் பூட்டப்பட்டு ஜன்னல்களில் கம்பி போடப்பட்டிருந்ததால்தான் சாவு அவ்வளவு பெருகியது. திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் விசைத்தறிக் கூடங்களில் இரவு ஷிப்ட் ஓடுகிறது. ஆள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவுக்கும் வெளியே பூட்டு வேண்டாம். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போடலாம். வேலைக்குப் போன இடத்தில் இரண்டாவது வழி எங்கே என்று முதல் நாளே கேட்டுவைக்கும்படி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். வாடகை அறையில் ஐந்தாறு பேராகத் தங்குபவர்கள் சாவியை ஜன்னல் திட்டிலோ செருப்புக்குள்ளோ வைப்பதை விட்டு, ஆளுக்கொரு சாவி போட்டுக்கொள்ளட்டும். ஒருவர் அறையை விட்டுப் போகும்போது அவர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

கடையை வாடகைக்கு விடுபவர்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பழையவர் காலி செய்ததும் பூட்டின் சிலிண்டரை மாற்றிவிட வேண்டும். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் வேலை பார்த்த பையன் எத்தனை டூப்ளிகேட் போட்டான் என்பது அவருக்கே தெரியாது. மாற்றும் செலவு வாடகைக்கு விடுபவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் பிறகு பேச்சு வராது. புதியவருக்குச் சாவி கொடுக்கும்போது எத்தனை சாவி, எந்தத் தேதி, யார் வாங்கினார் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நிர்வாகி வைத்திருக்கும் மாற்றுச் சாவிகளை ஒரு பூட்டிய பெட்டியில் வைத்து, கடைப் பெயருக்குப் பதிலாக எண்ணை மட்டும் எழுத வேண்டும். எந்த எண் எந்தக் கடை என்ற பட்டியல் வேறோர் இடத்தில் இருக்கட்டும். கேமரா, வைஃபை, கல்லா கம்ப்யூட்டர் ஆகியவற்றின் பாஸ்வேர்டை மாட்டிய அன்றே மாற்ற வேண்டும். உம்ராவுக்கோ ஊருக்கோ போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். ரோந்து வருபவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை மட்டும் திரும்பி வந்த பிறகு செய்யுங்கள்.

சாவி ஒப்படைப்புக்கான மாதிரித் தாள் ஒன்றை அறக்கட்டளை அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம். கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். பூட்டு வேலை தெரிந்த நம் பகுதிச் சகோதரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்தால், கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் கேட்டு வருபவர்களிடம் அவர்களை அனுப்பிவைக்கிறோம்; பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு என்பதைக் கேட்டு வருபவர்களிடம் முன்பே சொல்லிவிடுவோம்.